மாமாவின் கேஸ் ஹீட்டரும் மீசை வைத்த கழுதையும்

விருத்தாசலம்
23.1.2006, திங்கள்

அன்பு மகள் பிரபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் மாமாவும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே சிம்லாவில் நீயும் உன்னோடு தங்கியிருக்கிற ஜெனிபரும் அதேபோலத் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க விருத்தகிரீஸ்வரரும் கொளஞ்சியப்பரும் துணையிருக்கட்டும். ஊரில் எல்லா அம்மாவும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுதுவார்கள், நம் அம்மா மூச்சைப் போய் விசாரிக்கிறாளே என்று நினைக்காதே. காரணத்தோடுதான் எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது ஜெனிபரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், அவளுக்கும் சேர்த்துத்தான் இது.

நேற்று போனில் நீ பேசியது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. வீட்டுக்காரர் கேஸ் ஹீட்டர் கொடுத்திருக்கிறார், அது வந்த பிறகுதான் சிம்லாவில் மனுஷர் வாழலாம் என்றே தோன்றுகிறது என்றாய். கதவிடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி அடைத்திருக்கிறோம், ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது என்று பரிசு வாங்கினவள் மாதிரிப் பெருமையாகச் சொன்னாய். போகிற போக்கில், "காலைல எழுந்தா ரெண்டு பேருக்கும் தலைய வலிக்குதும்மா, வாந்தி வர மாதிரி இருக்குது, பேங்குக்குப் போனா சரியாப் போயிடுது, இந்த ஊருத் தண்ணி ஒத்துக்கல போல" என்றாயே, அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதை உடனே அணை என்று நான் கத்தின கத்தில் எதிரே சாமிக்கண்ணு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார்களாம். நீயோ சிரித்தாய். "இங்க பனி கொட்டுதும்மா, ஜன்னலத் தொறந்தா நாங்க ஐஸ்பெட்டி மீனாட்டம் ஆயிடுவோம்" என்றாய். உன்னை நம்பாமல் ஜெனிபரைக் கூப்பிட்டு, அவள் கையால் ஹீட்டரை அணைக்கவைத்து, சிலிண்டரையும் மூடவைத்து, என் கடிதம் வந்து படித்து முடிக்கிற வரைக்கும் அதைத் தொடுவதில்லை என்று அப்பா மேல் சத்தியம் வாங்கினேன். அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "என் மேல ஏன் வாங்கற, உன் மேல வாங்கிக்கயேன்" என்றார். அம்மாவுக்கு ஹீட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைத்திருப்பாய். எனக்குத் தெரியும். கார்த்திகை மாசம் இங்கே நம் வீட்டில் ஒரு கூத்து நடந்துபோனது. புள்ள பயந்துடும், தூரத்துல இருக்குது, சொல்லாத என்று அப்பா தடுத்ததால் உனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டோம். இப்போது நீ கொஞ்சம் பயந்தால் நல்லது என்று படுகிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், கடிதத்தில் சிரித்தால் எனக்குக் கேட்காது.

நீ சிம்லாவுக்கு பேங்க் வேலைக்குப் போன மறுமாசம் உன் மாமா அறிவழகன் ஊட்டியை விட்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டான் என்பது உனக்குத் தெரியும். அவன் சமையல் வேலை பார்த்த ஓட்டலை மூடினபோது, ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னாராம். மற்றவர்கள் கிரைண்டர், கட்டில், பெரிய பெரிய அண்டா என்று எடுத்தார்களாம், இவன் ஒரு கேஸ் ஹீட்டரை எடுத்தானாம். வைகாசி மாசம், அக்னி நட்சத்திரம் முடியவில்லை, தார் ரோடு உருகிச் செருப்பில் ஒட்டுகிறது, அந்த வெயிலில் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹீட்டரைத் தலையில் வைத்து நடந்து வந்தவனை விருத்தாசலமே நின்று பார்த்தது. சாமிக்கண்ணு கடையைவிட்டு வெளியே வந்து, "என்னா தம்பி, சூரியனுக்கு லீவு குடுக்கப் போறீங்களா" என்று கேட்டார். இவன் அசரவில்லை. "ஒருநாள் குளிரும்ணே, அன்னிக்கு எல்லாரும் எங்க வூட்டுக்குத்தான் வரணும்" என்றான். அதைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, என் பழைய கைத்தறிப் புடவையைக் கிழித்து உறை தைத்துப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் உறையை எடுத்துக் காட்டுவான். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தான். சுத்தம் மட்டும் பண்ணவில்லை. உள்ளே ஊட்டித் தூசி, ஊட்டிப் பூச்சி, சிலந்திக் கூடு எல்லாம் அப்படியே இருந்ததாம். பிறகுதான் தெரிந்தது.

இந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் இங்கே பெய்த மழையை நீ பேப்பரில் படித்திருப்பாய். மணிமுத்தாறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது, திட்டக்குடிப் பக்கம் பஸ்ஸே போகவில்லை. அந்த நேரம் பார்த்து, மாதா கோயில் பக்கத்தில் மெழுகுவர்த்தி, ஜெபமாலைக் கடை வைத்திருக்கிற உபகாரமேரி அக்கா கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மாதா, சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு, கழுதை என்று செட்டு செட்டாக. அப்பா பீங்கான் கம்பெனிச் சூளையில் சுட்டுக்கொண்டு வருவதை நான் வீட்டில் உட்கார்ந்து வர்ணம் பூசிக் கண் திறப்பது என்று ஏற்பாடு. பூசிவிட்டேன், காயவே இல்லை. காலையில் பூசின மாதாவைச் சாயங்காலம் எடுத்தால் நீல முக்காடு என் உள்ளங்கையில் இருக்கிறது, மாதா வெள்ளையாக இருக்கிறார். வெயில் கிடையாது, கரண்டு எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது, அக்காவோ தினமும் ஆள் அனுப்புகிறார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது உன் மாமா எழுந்து நின்று இடுப்பில் துண்டைக் கட்டினான். "அக்கா, வூட்டுக்குள்ளவே ஊட்டிய வச்சிக்கிட்டு ஏன் கவலப்படற" என்று சொல்லி, ஹீட்டருக்கு உறையைக் கழற்றினான். சமையல் சிலிண்டரை எடுத்துவந்து கூடத்தில் வைத்து டியூப்பை மாட்டினான். சாரல் அடிக்கிறது என்று நான் ஏற்கெனவே ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தேன், அவன் போய்க் கதவுக்கு அடியிலும் ஈரச் சாக்கைச் சொருகினான். "சூடுங்கறது கோழி மாதிரிக்கா, கதவு தொறந்திருந்தா ஓடிடும்" என்றான். சரியாகத்தானே சொல்கிறான் என்று எனக்கும் தோன்றியது. அந்தக் கோழி கூடத்துக்குள்ளேயே இருந்து என்ன முட்டை போடப்போகிறது என்று யாருக்குத் தெரியும்.

பொம்மைகள் காய்ந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் ஹீட்டரை மெச்சிக்கொண்டோம். அன்றைக்குக் கொஞ்ச நேரம்தான் எரியவிட்டோம். மறுநாள் காலையிலிருந்தே எரிந்தது. நீலமாக எரிந்த நெருப்பு மெல்ல மஞ்சளாக மாறியது. உன் மாமா, "குத்துவிளக்காட்டம் எவ்ளோ லட்சணமா எரியுது பாரு" என்றான். அன்றைக்குக் கம்பெனிக்கு மழை லீவு என்பதால் அப்பாவும் வீட்டிலிருந்து ஆடுகளுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். அவர் நெருப்பை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "சூளைல இந்த நெறத்துல எரிஞ்சா மேஸ்திரி கத்துவாரு" என்றார். பிறகு அவரே, "இது வூடுதான, இங்க யாரு கத்தப் போறா" என்று சொல்லி அடுத்த ஆட்டை எடுத்துக்கொண்டார். பதினைந்து வருஷமாகச் சூளை பார்க்கிறவர். சூளைக் கொட்டகைக்குச் சுவரே கிடையாது, எந்தப் புகை வந்தாலும் காற்றோடு போய்விடும் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் எனக்கு மண்டையைப் பிளந்தது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் யாரோ உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி. அப்பா வயிற்றைப் பிசைந்துகொண்டு, "நீ வச்ச கத்திரிக்காதான், பூச்சிக் கத்திரிக்கா போட்டுட்ட" என்றார். நான் அதே கத்திரிக்காயைத்தான் சாப்பிட்டேன், என் வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். உன் மாமாவுக்குத் தலை சுற்றியது. அதற்கு அவன் சொன்ன விளக்கத்தைக் கேள். மலைக்கு ஏறுகிறவர்களுக்குத் தலை சுற்றும் இல்லையா, அதுபோல மலையிலிருந்து இறங்கினவனுக்கும் சுற்றுமாம். இவன் மலையிலிருந்து இறங்கி ஆறு மாசம் ஆகிவிட்டது. அதைச் சொன்னதற்கு, "எனக்கு எல்லாமே லேட்டாத்தான்க்கா ஏறும்" என்றான். எனக்கோ கண் திருஷ்டி என்று பட்டது. இவ்வளவு பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, தெருவே பார்த்து வயிறு எரிகிறது என்று, உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று பேருக்கும் சுற்றி, அந்த ஹீட்டர் நெருப்பிலேயே போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை. நெடி வரவில்லையென்றால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்றுதானே சொல்வார்கள், நானும் பார்த்தீர்களா என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மூக்கும் புத்தியும் சேர்ந்து மங்கிப்போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், டீ குடிக்க அப்பா வெளியே போனால் தலைவலி விட்டுவிடும், திரும்ப வந்து உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். இரண்டு தடவை போய் வந்து பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "எனக்கு வேலதான் ஒத்துக்கல செல்வநாயகி, வேலைய வுட்டு எழுந்தா உடம்பு நல்லாயிடுது" என்றார். பிரபா, நீ நேற்று சொன்னது இதே கதைதான். பேங்குக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்றாய். உலகத்தில் பேங்குக்குப் போய் யாருக்காவது தலைவலி தீர்ந்திருக்கிறதா, யோசித்துப் பார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குப் பாதிதான் ஞாபகம். மீதியைச் சொன்னவர் உபகாரமேரி அக்கா. சாயங்காலம் பொம்மை என்ன ஆயிற்று என்று பார்க்கக் குடையைப் பிடித்துக்கொண்டு அவரே வந்திருக்கிறார். கதவைத் தட்டியிருக்கிறார், யாரும் திறக்கவில்லை. உள்ளே ஆள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம், அது நான்தானாம். அக்காவின் உடம்பை நீ பார்த்திருக்கிறாய், தோளால் ஒரு இடி இடித்ததில் சாக்கோடு கதவு திறந்துகொண்டது. "என்னாடி இது, மனுஷன் இருக்கற எடமா, மூடி வச்ச கருவாட்டுப் பானையா" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பா சுவரில் சாய்ந்து சூசையப்பர் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பெனியில் தனக்கு இன்னும் சூளை மேஸ்திரி வேலை கொடுக்காததைப் பற்றி அவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாராம். நான் ஒரு கழுதைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தேனாம். முறுக்கு மீசை. முடித்து வைத்த கழுதைகளுக்கெல்லாம் மீசை. மாதாவுக்கு நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, ராஜாக்களுக்குக் கூலிங்கிளாஸ், ஓர் ஆட்டுக்கு இரண்டு புருவம். அக்காவைப் பார்த்ததும், "வாங்கக்கா, டீ போடறேன்" என்று எழுந்தேன், கால் இரண்டும் துணி மாதிரி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அக்கா முதலில் நாங்கள் மூவரும் எதையோ குடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாராம். திட்டுவதற்காக வாயைத் திறந்துகொண்டே, ஹீட்டர் பக்கத்தில் படுத்திருந்த உன் மாமாவைக் காலால் தட்டி, "அறிவழகா, எழுந்திரு" என்றிருக்கிறார். அவன் எழவில்லை. குனிந்து உலுக்கியிருக்கிறார், தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருக்கிறது. அப்போது அவர் போட்ட சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. ஏசுவே என்று ஒரு சத்தம், பிறகு ஜன்னல்கள் படார் படாரென்று திறந்தன. ஹீட்டரை அணைத்தாரா, உதைத்தாரா என்று அவருக்கே தெரியாது. அவன் இரண்டு காலையும் பிடித்துப் பாயோடு தரதரவென்று தெருவுக்கு இழுத்துவிட்டார். டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் என்னையும் அப்பாவையும் தூக்கி வெளியே போட்டார்கள். மழை முகத்தில் அடித்தது. கொஞ்சம் தெளிந்து திரும்பிப் பார்த்தேன். உன் மாமா குரங்குக் குல்லாவோடு சேற்றில் கிடந்தான், வாயைப் பிளந்துகொண்டு, மழைத்தண்ணீர் வாய்க்குள் போவதுகூடத் தெரியாமல். காலையிலிருந்து எத்தனையோ பொம்மைக்குக் கண் திறந்த எனக்கு என் தம்பி கண்ணைத் திறக்கிற வழி தெரியவில்லை.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர், உன் வயசுதான் இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்டார், அப்பா கத்திரிக்காயைச் சொன்னார். உபகாரமேரி அக்கா குறுக்கே புகுந்து, "கத்திரிக்கா இல்லம்மா, கதவ சாத்திக்கிட்டு கேஸ் அடுப்பாட்டம் ஒண்ணு எரிய வுட்டிருந்தாங்க" என்றார். அவ்வளவுதான், டாக்டரம்மா வேறு எதுவும் கேட்கவில்லை, உன் மாமா மூஞ்சியில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து அழுத்தினார், எங்களுக்கும் ஆளுக்கொன்று. அப்புறம்தான் விளக்கினார். கேஸோ கரியோ விறகோ, எது எரிந்தாலும் அதற்குக் காற்று வேண்டும். அடைத்த இடத்தில் எரிந்தாலோ, எரிகிற ஓட்டையெல்லாம் தூசி அடைத்திருந்தாலோ அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு விஷவாயு வருகிறது. கேஸ் கசிந்தாலாவது நாற்றம் அடிக்கும், இதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை, கண்கூட எரியாது, ஆள் இருக்கிற இடமே தெரியாது. உனக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன். வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸு வந்து நின்றதும் ஒருத்தன் வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எல்லா சீட்டையும் பிடித்துவிடுவானே, அதுபோல இந்த வாயு நம் ரத்தத்தில் துண்டு போட்டுவிடுகிறது. ஆக்சிஜன் பாவம், முறையாக வரிசையில் நின்று ஏறி வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. பஸ் என்னமோ நிறைந்துதான் ஓடுகிறது, போய்ச் சேரவேண்டியவர் மட்டும் போய்ச் சேரவில்லை. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், மயக்கம், கோணல் புத்தி, தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே ஆள் போய்விடலாமாம். "இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா மூணு பேரையும் வேற எடத்துக்கு அனுப்பியிருப்போம்" என்று டாக்டரம்மா சொன்னபோது, உபகாரமேரி அக்கா தன் கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விடிகிற சமயத்தில் உன் மாமா கண்ணைத் திறந்தான். மாஸ்க்கை நகர்த்திவிட்டு அவன் கேட்ட முதல் வார்த்தை, "அக்கா, ஹீட்டருக்கு ஒண்ணும் ஆகலியே" என்பது. நான் அழுதுகொண்டிருந்தவள் அப்படியே கையை ஓங்கிவிட்டேன், நர்ஸு வந்து பிடித்தார்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டரம்மா சொன்னபடி ஒரு மாசம் கழித்து மறுபடி போய்க் காட்டிவிட்டும் வந்தோம், புத்தியில் கோளாறு ஒன்றும் தங்கவில்லை என்றார். அப்பா, "முன்னாடி இருந்த அளவுதான் இருக்குது" என்று உன் மாமாவைக் காட்டிச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் ஹீட்டர் பேரில் பிராதுச் சீட்டு எழுதிச் சாமியிடம் கட்டிவிட்டு வந்தேன். ஊரில் ஆள் பேரில்தான் பிராது கட்டுவார்கள், சாமானின் பேரில் கட்டினது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். பூசாரி அதை வாங்கிப் படித்துவிட்டு, எதிரியின் விலாசம் எழுதவில்லையே என்றார், எங்க வூட்டுக் கூடம்தான் சாமி என்றேன். அப்புறம் பழைய இரும்பு எடுக்கிற பாவாடை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஹீட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்குது, ஏற்காட்டுப் பக்கம் யாராவது வாங்குவாங்க" என்றார். அங்கே இருக்கிறவர்களுக்கும் அம்மா அப்பா உண்டு, என் கண் முன்னால் உடைப்பதானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். நடுத்தெருவில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. உன் மாமா குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்கிற மாதிரித் தலைகுனிந்து நின்றான். சாமிக்கண்ணு அவன் தோளில் தட்டி, டீ குடுக்கறேன் வா தம்பி என்று அழைத்துப் போனார்.

பொம்மைகளைத்தான் என்ன செய்வது என்று எனக்குக் கவலை. அழித்துவிட்டு வேறு பூசித் தருகிறேன் என்று உபகாரமேரி அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் அதற்குள் கடையில் அடுக்கிவைத்துவிட்டார். கூலிங்கிளாசை மட்டும் அவரே துடைத்திருந்தார். "எங்க மாதாவுக்குப் பொட்டு வச்சா என்னாடி, அவங்க என்னா வெள்ளக்காரியா, வேளாங்கண்ணியில புடவ கட்டிக்கிட்டு நிக்கலியா" என்றார். பொட்டு வைத்த மாதா எல்லாமே விற்றுப்போனது. அதைவிட வேகமாகப் போனது மீசைக் கழுதை. பிள்ளைகள் அழுது வாங்கிப் போனார்களாம். மாதா கோயில் சாமியார் வந்து பார்த்து, முதலில் முகத்தைச் சுளித்து, அப்புறம் திரும்பி நின்று சிரித்தாராம். வருகிற கிறிஸ்துமஸுக்கு மீசைக் கழுதை மட்டும் தனியாக வேண்டும் என்று அக்கா இப்போதே சொல்லிவைத்துவிட்டார். நல்ல புத்தியோடு உட்கார்ந்து வரைந்தால் அந்த முறுக்கு வரமாட்டேன் என்கிறது. நாலைந்து தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன், எல்லாம் கணக்குப்பிள்ளை மீசையாகத்தான் வருகிறது.

ஆகையால் பிரபா, அந்த ஹீட்டரைப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டாமல் பற்ற வைக்காதே. நெருப்பு நீலமாக எரிய வேண்டும், மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரிந்தாலும், சுவரில் கரி படிந்தாலும் அது நமக்கு ஆகாது. எவ்வளவு குளிரானாலும் ஜன்னலில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும், சுவரில் மேலே காற்றுப் போகிற ஓட்டை இருந்தால் அதை அடைக்கக் கூடாது, எரியவிட்டுக்கொண்டு தூங்கவே கூடாது, கம்பளியை இரண்டாகப் போர்த்திக்கொண்டு தூங்கு. பாத்ரூமில் கேஸ் கெய்சர் இருந்தால் அதற்கும் இதே சட்டம், ஜெனிபர் உள்ளே போனால் நீ வெளியிலிருந்து அவ்வப்போது குரல் கொடு, பதில் வரவில்லையென்றால் வெட்கமெல்லாம் பார்க்காமல் கதவை உடை. அந்த ஊரில் கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துக் குளிர் காய்வார்களாமே, அதுவும் இதே ஜாதிதான், யார் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. தலை வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதே, முதலில் வெளியே போய் நில், அதற்கப்புறம் டாக்டரிடம் போய் ஹீட்டரைப் பற்றிச் சொல், கத்திரிக்காயைப் பற்றிச் சொல்லாதே. இந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கூவுகிற பெட்டி ஒன்று வெளிநாட்டில் விற்கிறதாம், டில்லியில் கிடைத்தால் வாங்கிவை. எங்களுக்கு அந்தப் பெட்டி குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. உங்களுக்கு அந்த ஊரில் யார் வருவார்கள்.

புதன்கிழமை. மேலே எழுதினதைத் தபாலில் போடுவதற்குள் நேற்றுச் சாயங்காலம் உன் போன் வந்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினதையும், ஹீட்டர் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு நெருப்பு மஞ்சளாக எரிந்ததையும், சுவர் ஓட்டையில் முன்பு குடியிருந்தவர்கள் பழைய பேப்பரைத் திணித்து வைத்திருந்ததையும், அவர் உங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதையும் நீ சொல்லச் சொல்ல நான் அப்பாவுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹீட்டரை அணைத்த மறுநாளே தலைவலி போய்விட்டது, தண்ணீரை வீணாகத் திட்டிவிட்டோம் என்று ஜெனிபர் வருத்தப்பட்டாளாமே, தண்ணீர் கோபித்துக்கொள்ளாது என்று சொல். வீட்டுக்காரர் கரண்ட் ஹீட்டர் தருவதாகச் சொன்னதும் நல்லது. எல்லாம் சரியான பிறகு இந்தக் கடிதம் எதற்கு என்று அப்பா கேட்டார். எழுதினது எழுதினதுதான், அனுப்பத்தான் போகிறேன், நாளைக்குக் குடியரசு தினம், தபாலாபீஸ் லீவு, அதனால் இன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது, அதை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். நேற்று நீ பேசும்போது அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினாரே, எப்போதும் ம், சரி, வச்சிடு என்பதோடு முடிக்கிற மனுஷன், "தொறந்த ஜன்னலுகிட்ட போன வைம்மா" என்று கேட்டாரே, நீயும் ஏனென்று கேட்காமல் கொண்டுபோய் வைத்தாயே. நீங்கள் இரண்டு பேரும் அங்கே சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, நின்றுகொண்டே இருந்தார். நான் இழுத்துப் பார்த்தேன், கொடுக்கவில்லை. உன் மாமா வந்து என்ன மச்சான் என்றான், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நெடுநேரம் கழித்துப் போனை என்னிடம் கொடுக்கிறபோது அவர் கண் ஈரமாக இருந்தது. "காத்து நல்லா வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நேற்றைக்குத்தான் அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நீயும் ஜெனிபரும் நோய் நொடியில்லாமல், நல்ல புத்தியோடு, நூறு வயசு இருக்க வேண்டும். பொங்கலுக்கு எடுத்த புடவை பார்சலில் வருகிறது, வந்ததும் தகவல் சொல். ஜெனிபரின் அம்மாவிடம் அவளைப் பேசச் சொல், பிள்ளை போன் பண்ணி பத்து நாளாகிறது என்று அந்தம்மா கவலைப்படுகிறார்.

ஆசிகளுடன்
உன் அம்மா
கோ. செல்வநாயகி